பதினாறு படிகளில் இராகம்: உள்ளமை வரிசையாக்கி கொண்ட அனலாக் இசைத்தொகுப்பியில் சுரமும் தாளமும்

ஆய்வுச்சுருக்கம்

1981-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிபி-303 என்னும் சிறு அனலாக் இசைத்தொகுப்பி (சிந்தசைசர்), தன்னுள்ளேயே ஒரு வரிசையாக்கியையும் (சீக்வென்சர்) கொண்டது. இக்கருவியைக் கொண்டு இந்திய இராகங்களைக் கையாண்ட முதல் முயற்சிகளுள் ஒன்று மும்பையில் சரண்ஜித் சிங் என்னும் கலைஞரால் 1982-இல் நிகழ்ந்தது. அப்பதிவை முன்வைத்து, இத்தகைய கருவியில் சுரங்களையும் காலத்தையும் பதியும் முறை யாது, நம் தாள அமைப்புகள் அதில் எவ்வாறு பொருந்துகின்றன, கமகம் எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் இவ்வகைக் கருவியைப் பயன்படுத்தும்போது எழும் வெப்பச் சிக்கலும் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தொகுப்பி, வரிசையாக்கி, டிபி-303, சரண்ஜித் சிங், தாளம், சந்தம், கமகம், சுருதி.

முன்னுரை

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரங்களில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்மன் கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி ஓயாது. அம்மேடைகளில் கீபோர்டும் ரிதம் பேடும் இன்றியமையாதவை. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே சுழல்கிறது. மற்றொன்றை அழுத்தினால் அடித்தளச் சுரம் சேர்ந்துகொள்கிறது. இத்தானியக்கம் எங்கிருந்து வந்தது, அதனுள் தாளம் எவ்வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்னும் வினா மாணவரிடையே எழுவதில்லை. ஆயத்த வடிவங்கள் நிறைந்த இன்றைய எண்முறைக் கருவி அவ்வினாவை எழவிடுவதும் இல்லை.

பழைய அனலாக் கருவி அப்படிப்பட்டதன்று. அதன் வரிசையாக்கி வெறுமையாகவே கிடைக்கும். ஒவ்வொரு படியையும் இசைப்பவரே நிரப்ப வேண்டும். நிரப்பும்போது, தாம் அறிந்த தாளத்தையும் இராகத்தையும் கருவி ஏற்கும் அலகுகளாக உடைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. இசைத்தமிழ் பயிற்றுவோர்க்கு இக்கருவி பயன்படக்கூடும் என்று இக்கட்டுரையாளர் கருதுவதற்கு இதுவே காரணம். கருவியின் அருங்காட்சியக மதிப்பு இங்குப் பொருளன்று.

கருவியும் அதன் வரவும்

அனலாக் இசைத்தொகுப்பியில் ஒலி மின்னழுத்தத்தால் ஆளப்படுகிறது. அலையியற்றி ரம்பப்பல் அலையையோ சதுர அலையையோ தோற்றுவிக்கிறது. வடிகட்டி அதன் மேலதிர்வுகளைக் குறைக்கிறது. பெருக்கி ஒலியளவை ஏற்றி இறக்குகிறது. ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும் என்பது பெரும்பாலான கருவிகளில் கொள்ளப்பட்ட நியதி. எனவே பன்னிரு சுரத்தானங்களுள் அடுத்தடுத்த இரண்டிற்கு இடையே ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் இடைவெளி அமைகிறது. வரிசையாக்கி செய்வது ஒன்றே: முன்கூட்டியே குறித்துவைத்த மின்னழுத்தங்களை ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாக வெளியிடுகிறது. 1960-களில் அமெரிக்காவில் புக்லா, மூக் ஆகியோர் உருவாக்கிய கருவித்தொகுதிகளிலேயே வரிசையாக்கி இடம்பெற்றுவிட்டது. மூக் உருவாக்கிய வரிசையாக்கியில் எட்டுப் படிகள் மூன்று வரிசைகளாக இருந்தன. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை நினைவூட்டும் இவ்வெண் தற்செயலானதே. எனினும் இசை மாணவர்க்கு விளக்கத் தொடங்க நல்ல இடம்.

இந்தியாவிற்கு மூக் கருவி 1969-இலேயே வந்துவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் அவ்வாண்டு அமைத்த மின்னணு இசைக்கூடத்தில் கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் பணியாற்றினர். ஜான் கேஜுக்கு 1940-களில் இந்திய இசையைக் கற்பித்தவர் இவரே. அக்கூடத்தின் ஒலிநாடாக்கள் நெடுங்காலம் எவராலும் கேட்கப்படாமல் கிடந்து, அண்மை ஆண்டுகளில்தான் வெளிக்கொணரப்பட்டன. தமிழ்த் திரையிசையில் 1986-இல் வெளிவந்த புன்னகை மன்னன் வரிசையாக்கத்திற்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது வழக்கம். ஆயினும் அது கணினிவழி வரிசையாக்கம். அனலாக் கருவியின் உள்ளமை வரிசையாக்கிக்குச் சான்று தேடினால் மும்பைக்கே செல்ல வேண்டியுள்ளது.

சரண்ஜித் சிங் (1940–2015) இந்தித் திரையிசைக் குழுக்களில் கிட்டார், கீபோர்டு வாசித்தவர். சிங்கப்பூரில் வாங்கிய டிபி-303, டிஆர்-808 என்னும் தாளக்கருவி, ஜூபிடர்-8 என்னும் எண்குரல் இசைத்தொகுப்பி ஆகிய மூன்றையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்னும் கருத்தில் ஓர் இசைத்தட்டை எச்.எம்.வி. நிறுவனத்திற்காக அவர் பதிவுசெய்தார். தட்டு அக்காலத்தில் பெரிதாக விற்கவில்லை. 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டிபி-303-ஐக் கொண்டு வெளியிட்ட பதிவிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை கிளைத்தது. 2010-இல் சரண்ஜித் சிங்கின் தட்டு நெதர்லாந்தில் மறுபதிப்பானபோது, சிகாகோவிற்கு ஐந்தாண்டு முன்பே மும்பையில் ஆசிட் ஹவுஸ் பிறந்துவிட்டது என்று இதழ்கள் வியந்து எழுதின.

இவ்வியப்பு நம் கவனத்தைத் திசைதிருப்புகிறது. யார் முந்தியவர் என்னும் பூசலில், அவர் செய்த வேலை எத்தகையது என்பது கேட்கப்படாமலே போயிற்று. சிகாகோக் கலைஞர் வடிகட்டிக் குமிழைத் திருகி ஒலிவண்ணத்தை மாற்றுவதையே இசையாக்கினர். மும்பைக் கலைஞர் இராகத்தின் சுரங்களுள் நிற்க முயன்றார். கருவி ஒன்றே, கேள்வி வேறு.

சுரம் வேறு, காலம் வேறு

டிபி-303-இல் ஒரு வடிவம் பதினாறு படிகள் வரை நீளலாம். அதைப் பதியும் முறை முதலில் திகைப்பூட்டும். சுரங்களைத் தனியே ஒரு முறையும் காலத்தைத் தனியே மறுமுறையும் பதிய வேண்டும். சுர முறையில் ஒரு ஸ்தாயி அளவே உள்ள விசைகளைக் கொண்டு சுரங்களை வரிசையாக அழுத்திச் செல்லலாம். அவை எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பது அப்போது பொருட்டன்று. கால முறையில் ஒவ்வொரு படிக்கும் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: புதுச்சுரம், முந்தைய சுரத்தின் நீட்சி, ஓய்வு. ஒலிக்கும்போது கருவி காலப்பட்டியலைப் பின்பற்றி நடக்கிறது. புதுச்சுரம் என்னும் குறி வரும்போதெல்லாம் சுரப்பட்டியலில் அடுத்த சுரத்தை எடுத்துக்கொள்கிறது. நீட்சியும் ஓய்வும் சுரத்தைச் செலவிடுவதில்லை.

மேலைநாட்டுப் பயனர் பலர் இம்முறையைக் குறையென்றே கருதினர். கருவி எதிர்பாராத வடிவங்களைத் தந்ததற்கும் இதுவே காரணம். ஆனால் சுரதாளக் குறிப்பு எழுதிப் பழகியவர்க்கு இது அந்நியமன்று. மோகனத்தில் ‘ஸ ரி க ப த ப க ரி’ என எட்டுச் சுரங்களைப் பட்டியலிடுவோம். கால முறையில் 1, 3, 4, 7, 9, 10, 12, 14 ஆம் படிகளில் புதுச்சுரமும், 6, 13 ஆம் படிகளில் ஓய்வும், எஞ்சியவற்றில் நீட்சியும் பதிந்தால் கிடைப்பது:

ஸ , ரி க | , – ப , | த ப , க | – ரி , ,

இங்குக் காற்புள்ளி நீட்சியையும் சிறுகோடு ஓய்வையும் குறிக்கின்றன. நம் சுரதாளக் குறிப்பில் காற்புள்ளிக்கு உள்ள பொருளும் இதுவே. இனி, சுரப்பட்டியலைத் தொடாமல் முதலிரு படிகளை மட்டும் ஓய்வாக மாற்றுவோம். மூன்றாம் படியில் ரிஷபத்திற்கு மாறாக ஸட்ஜம் ஒலிக்கும். பின்வரும் சுரங்கள் யாவும் ஓரிடம் தள்ளும். கடைசி ரிஷபம் ஒலிக்காது நிற்கும். நான்கு படிகளை ஓர் அட்சரமாகக் கொண்டால், இது சமத்தில் எடுத்ததை அரை இடத்திற்குத் தள்ளியதற்கு ஒப்பாகும். எடுப்பு மாறினால் அதே சுரக்கோவையின் நடை எவ்வாறு மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை இக்கட்டுரையாளர் வகுப்பறையில் கண்டதில்லை.

யாப்பறிந்தோர்க்கு இதன் மற்றொரு பக்கம் இன்னும் நெருக்கமானது. அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்கள் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் வரையறுத்த அடுக்குகள். குறிலை ஒரு படி எனவும், நெடிலையும் ஒற்றடுத்த குறிலையும் இரு படி எனவும் கொண்டால் ‘தனதன தானன’ என்னும் சந்தம் எட்டுப் படிகளில் அடங்கும். ஐந்தாம் படியில் தொடங்கும் நெடிலுக்காக ஆறாம் படி மட்டும் நீட்சியாகும். இருமுறை வந்தால் பதினாறு நிரம்பிவிடும். ‘தானத் தனதன’ என மாற்றினால் படிகளின் தொகை மாறாது; நீட்சிகள் இடம்பெயரும், புதுச்சுரங்களின் எண்ணிக்கை ஏழிலிருந்து ஆறாகக் குறையும். சந்தம் காலப்பட்டியல், பண் சுரப்பட்டியல். ஒரே சந்தத்தைப் பல பண்ணில் பாடும் மரபு நமக்குண்டு. கருவியில் அவ்விரண்டும் வேறுவேறு நினைவகத்தில் அமர்ந்திருக்கின்றன என்பது மட்டுமே புதிது.

தாளக் கணக்கு

வடிவத்தின் நீளத்தைப் பதினாறுக்குக் கீழே குறைக்க முடியும் என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. நான்கு படிகள் ஓர் அட்சரமெனில், ரூபகத்திற்குப் பன்னிரண்டு படிகள் வேண்டும். அட்சரத்திற்கு இரு படிகள் எனக் கொண்டால் மிச்ர சாபு பதினான்கிலும் கண்ட சாபு பத்திலும் முடிகின்றன. ஆதி தாளத்திற்கு முப்பத்திரண்டு படிகள் தேவைப்படுவதால் இரண்டு வடிவங்களைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்ய வேண்டும். கருவி அதற்கும் இடம் தருகிறது.

டிபி-303-உம் டிஆர்-808-உம் ஒரே துடிப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு கால்மாத்திரைச் சுரத்திற்கு 24 துடிப்புகள் என்பது ரோலண்ட் கொண்ட அளவு. துடிப்பு பொதுவெனினும் நீளங்கள் வேறாகலாம். தாளக்கருவி பதினாறு படிகளிலும் சுரக்கருவி பதினான்கு படிகளிலும் சுழன்றால் இரண்டும் 112 படிகளுக்கு ஒருமுறைதான் சமத்தில் சந்திக்கும்: பதினான்கு எட்டு முறை, பதினாறு ஏழு முறை. நிமிடத்திற்கு 120 அடி என்னும் வேகத்தில் ஒரு படி 125 மில்லிவினாடி ஆதலால், இச்சந்திப்பு 14 வினாடிக்கு ஒருமுறை நிகழும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞர் கோர்வை வைத்துச் சமத்திற்கு வரும் கணக்கின் எளிய வடிவம் இது. கலைஞர் அதை எதிர்பார்ப்பாக மாற்றுகிறார். கருவி வெறுமனே வந்து சேர்கிறது. இவ்வேறுபாட்டை மாணவர் காதால் உணர்ந்துவிட்டால் பின்பு சொல்லால் விளக்குவது எளிது.

சரண்ஜித் சிங் இத்திசையில் செல்லவில்லை என்பது வியப்புக்குரியது. அவருடைய பத்துப் பதிவுகளும் டிஸ்கோவின் நான்கடித் தாளத்தின் மேலேயே நிற்கின்றன. விற்பனையை நோக்கிய தட்டு அது. ஆடுதளத்திற்கு ஏழடி உதவாது என்று அவர் கருதியிருக்கலாம். கருவி தந்த இடத்தில் பாதியை அவர் பயன்படுத்தவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

சறுக்கலும் அழுத்தமும்

அவர் தேர்ந்த பத்து: பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக்மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. கருநாடக மரபில் இவற்றுக்கு நெருங்கியவற்றைச் சுட்டினால் பைரவுக்கு மாயாமாளவகௌளையும், பூபாலிக்கு மோகனமும், இந்துஸ்தானித் தோடிக்குச் சுபபந்துவராளியும், மதுவந்திக்குத் தர்மவதியும், யமனுக்குக் கல்யாணியும், கலாவதிக்கு வலஜியும், மால்கௌன்ஸுக்கு இந்தோளமும், பைராகிக்கு ரேவதியும் அமையும். முல்லைத்தீம்பாணியே இன்றைய மோகனம் என்னும் இசைத்தமிழாய்வாளர் கருத்தை ஏற்றால், பழந்தமிழ்ப் பண்ணொன்றும் இவ்வரிசையில் இருக்கிறது. பெரும்பாலானவை ஐந்து சுர இராகங்களோ, சுர இடைவெளி தெளிவாகத் தெரியும் இராகங்களோ ஆகும். கருவியின் எல்லையை அறிந்தே செய்த தேர்வு போலும்.

எல்லை எதுவெனில், கருவி அறிந்தது பன்னிரு சமப் பகுப்புகளை மட்டுமே. அந்தர காந்தாரம் இயல்பதிர்வில் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட், கருவியில் 400. பதினான்கு சென்ட் வேற்றுமை தம்புராவின் அருகில் உடனே தெரியும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் நிலைத்த சுரங்களும் ஒன்று. அக்குற்றச்சாட்டு இக்கருவிக்கும் முழுமையாகப் பொருந்தும்.

ஆர்மோனியத்தில் இல்லாத ஒன்று இதிலுண்டு. ஒரு சுரத்திற்குச் சறுக்கல் குறித்தால், ஒலி அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். இதை ஜாருவாகக் கொள்ளலாமா? சறுக்கலின் நேரம் ஏறத்தாழ 60 மில்லிவினாடி. அரைச்சுரத் தொலைவாயினும் ஒரு ஸ்தாயித் தொலைவாயினும் அதே நேரம். மின்தேக்கி நிரம்புவதைப் பின்பற்றுவதால் வழுக்கல் முதலில் விரைந்து பின்பு தளர்கிறது. பாடகரோ வீணைக் கலைஞரோ தொலைவையும் பாவத்தையும் ஒட்டி ஜாருவின் நேரத்தை மாற்றுகின்றனர். ஆகவே கருவியின் சறுக்கல் ஜாருவின் ஒரே ஓர் உறைந்த வடிவம். 120 அடி வேகத்தில் அது படியின் பாதியை நிறைத்து ஜாருவாகவே கேட்கும். 60 அடியில் கால்பங்காகச் சுருங்கி வெறும் விளிம்பாகிவிடும். இராகத்திற்கு இதைப் பயன்படுத்துவோர் விரைந்த நடையைத் தேர்வது நலம்.

கம்பிதம் வேறு வகைச் சிக்கல். கருநாடகத் தோடியின் காந்தாரத்தைச் சுத்த ரிஷபத்திற்கும் சுத்த மத்தியமத்திற்கும் இடையே படிதோறும் சறுக்கவிட்டு இக்கட்டுரையாளர் முயன்றதுண்டு. டிபி-303-இன் மின்சுற்றைப் பின்பற்றிச் செய்த அண்மைக்கால நகற்கருவியில் 150 அடி வேகத்தில் அது ஒலித்தது. கம்பிதத்தின் நிழல் தெரிந்தது; கம்பிதம் வரவில்லை. அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் நிகழ்ந்ததே காரணம். உடனிருந்த முதுகலை மாணவி ஒருவர், ‘இது தோடி இல்லை ஐயா, தோடியின் அலாரம்’ என்றார். மறுக்க இயலவில்லை.

அழுத்தம் என்னும் மற்றொரு குறியே எதிர்பாராத பயனைத் தருகிறது. அழுத்தம் இட்ட சுரத்தின் ஒலியளவு கூடுவதோடு வடிகட்டியும் கூடுதலாகத் திறக்கிறது. அடுத்தடுத்து அழுத்தமிட்டால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பளிச்சிடும். இந்துஸ்தானி மரபில் பூபாலியும் தேஷ்காரும் ஒரே ஐந்து சுரங்களைக் கொண்டவை. முன்னதில் காந்தாரமும் பின்னதில் தைவதமும் வாதி சுரம். ஒரே சுரப்பட்டியலை, ஒரே காலப்பட்டியலை வைத்துக்கொண்டு, அழுத்தத்தை மட்டும் காந்தாரத்திலிருந்து தைவதத்திற்கு மாற்றினால், இராகம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாவிட்டாலும் சாய்வு மாறியதை எவரும் உணர்வர். ஜீவசுரம் என்னும் கருத்தை விளக்க இது போதுமானது.

சரண்ஜித் சிங் இவ்வெல்லைகளைக் கடந்த வழி எளியது. அவர் இராகத்தை வரிசையாக்கியிடம் ஒப்படைக்கவில்லை. அடித்தளச் சுரத்தொடரையும் தாளத்தையும் இரு சிறு கருவிகளுக்கு விட்டு, இராகத்தைத் தம் கையாலேயே ஜூபிடர்-8-இல் வாசித்தார். சுழலும் தொடர் சுருதிப்பெட்டியின் கடமையைச் செய்கிறது; வளைவும் இழைவும் கையினுடையவை. கருவிகளிடையே நிகழ்ந்த இந்த வேலைப் பங்கீடே அப்பதிவின் உண்மையான கண்டுபிடிப்பு. ஆசிட் ஹவுஸ் வரலாற்றில் அதற்குப் பெயர் இல்லை.

வெப்பமும் மின்வெட்டும்

இவ்வகைக் கருவி குறித்த கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளை மனத்திற்கொண்டவை. அலையியற்றியில் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர் இணை வெப்பத்திற்கு ஆட்பட்டது. 27 பாகை செல்சியசில் மின்னோட்டம் இருமடங்காக ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் போதும். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் இத்தேவை 3.3 விழுக்காடு கூடுகிறது. ஈடுசெய்யும் மின்தடை இல்லையெனில் ஒரு ஸ்தாயியின் அகலத்தில் சுமார் 40 சென்ட் சுருங்கிவிடும். அத்தகைய மின்தடை கொண்ட கருவிகளிலும், நாற்பதாண்டு மூப்பால், ஈடு முழுமையாவதில்லை.

அம்பத்தூரில் மே மாதப் பிற்பகல்களில் இது ஏட்டுக் கணக்காக நிற்பதில்லை. குளிரூட்டிய அறையில் ஒரு கட்டைக்குச் சுருதி சேர்த்துவைத்த பழைய இசைத்தொகுப்பி, மின்வெட்டுக்குப் பின் மீண்டும் இயக்கும்போது சுருதிப்பெட்டியோடு விம்மத் தொடங்கும். 261.6 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தில் 8 சென்ட் விலகினால் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 விம்மல்கள் கேட்கும். செய்யத்தக்கவை சில. கருவியை இயக்கி அரைமணி நேரம் கழித்தே சுருதி சேர்க்க வேண்டும். மின்விசிறி நேராகப் படும் இடத்தில் வைக்கலாகாது. சுருதிக் குமிழைத் திருகுமுன் ஒரு ஸ்தாயி மேலும் கீழும் வாசித்து, விலகியிருப்பது ஸட்ஜமா ஸ்தாயியின் அகலமா என்று பார்த்தல் வேண்டும். அகலமே விலகியிருப்பின் குமிழால் தீராது, உட்புறச் சீரமைப்பு தேவை. ஜப்பானிலிருந்து நேராக வரும் பெரிய கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்துக் கெட்டவை பல. டிபி-303 போன்றவை 9 வோல்ட் மின்மாற்றியில் இயங்குவதால் இவ்விடர் அவற்றுக்குக் குறைவு.

மின்வெட்டு வேறொன்றையும் கொண்டுபோகும. டிபி-303-இன் நினைவகம் மின்கலங்களின் துணையால் நிற்பது. மின்கலம் தீர்ந்தாலோ கழற்றப்பட்டாலோ பதிந்த வடிவங்கள் யாவும் அழியும். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்ட மின்கலம் கசிந்து தொடர்புத் தகடுகளை அரிப்பதும் உண்டு. கடற்காற்றின் ஈரப்பதம் குறைவாக உள்ள பூந்தமல்லியிலும் இக்கட்டுரையாளர் அதைக் கண்டிருக்கிறார். ஆதலின் வடிவத்தைப் பதிந்தவுடன் தாளில் எழுதிவைப்பதே பழக்கமாக வேண்டும். பதினாறு கட்டங்கள்; மேல்வரிசையில் சுரம், நடுவரிசையில் நீட்சியும் ஓய்வும், கீழ்வரிசையில் சறுக்கலும் அழுத்தமும். மோகனத்திற்கு மேலே காட்டிய வரியோடு ஒரு வரிசையைச் சேர்த்தால் அத்தாள் ஆயத்தமாகிவிடும். கோடு போட்ட பள்ளிக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஆறு வடிவங்கள் வரை அடங்கும்.